போஸ்ட்மோர்ட்டத்தில் எடுத்த 13 துண்டுகள்: திருப்பி வாங்குவதா, அங்கேயே விடுவதா?

#1 கீரிமலைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. இப்போது ஒரு குழப்பம். வீட்டில் யாரிடமும் நிதானமாகக் கதைக்க முடியவில்லை, அதனால் வந்தேன்.

அம்மா போன ஒக்ரோபரில் லண்டனில் தவறிவிட்டார். குளியலறைக்குப் போனவர் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். வயது 71. மரணக் காரணத்தை டொக்டரால் எழுத முடியவில்லை என்று விஷயம் கொரோனருக்கு (காரணம் தெரியாத சாவுகளை விசாரிக்கிற அதிகாரி) போனது, அவர் போஸ்ட்மோர்ட்டம் செய்யச் சொன்னார். எங்களிடம் அனுமதி கேட்கவில்லை. கொரோனர் சொன்னால் கேட்கத் தேவையில்லையாம், சட்டம் அப்படி. சரி, அது புரிகிறது.

பத்து நாள் கழித்து உடலைத் தந்தார்கள். செத்தவீடு முடிந்தது, காடாத்து முடிந்தது. 31-ஆம் நாளுக்கு நானும் அண்ணாவும் அஸ்தியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்க் கீரிமலைக் கடலில் கரைத்து அந்தியேட்டி செய்தோம், அம்மாவின் ஆசை அது. ஐயர் "கலசத்தில் ஒன்றும் மிஞ்சக் கூடாது பிள்ளை" என்றார். நான் கடலில் இறங்கி நின்று கலசத்தை மூன்று தரம் அலசினேன். உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்து, பிறகும் ஒரு தரம் அலசினேன்.

போன வாரம் ஒரு கடிதம் வந்தது. அம்மாவின் உடலிலிருந்து பரிசோதனைக்கு எடுத்த திசு மாதிரிகள், 13 மெழுகுக் கட்டிகளும் அவற்றின் கண்ணாடித் தகடுகளும், இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கின்றனவாம். கொரோனரின் வேலை முடிந்துவிட்டதாம். மூன்றில் ஒன்றுக்கு அடையாளம் இடச் சொல்கிறார்கள். குடும்பத்திடம் திருப்பித் தருவது, ஆஸ்பத்திரியே மரியாதையாக அப்புறப்படுத்துவது, அல்லது மருத்துவப் பதிவாகவும் ஆராய்ச்சிக்கும் வைத்துக்கொள்வது. குறித்த நாளுக்குள் பதில் இல்லாவிட்டால் அவர்களே அப்புறப்படுத்திவிடுவார்கள்.

அண்ணாவைக் கேட்டேன். அம்மா போன மூன்றாம் நாள் ஒருத்தி போன் எடுத்து ஏதோ விளக்கினாளாம், அவர் எல்லாவற்றுக்கும் "ஓம் ஓம்" என்றாராம், என்ன கேட்டாள் என்று இப்போது ஞாபகம் இல்லையாம். மாமி "அப்ப அந்தியேட்டி செல்லாதோ?" என்று அழுகிறார். எனக்கு வருத்தமா கோபமா என்றுகூடத் தெரியவில்லை. இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

#2 தெற்குத்தெரு

அம்மாவுக்கு அஞ்சலி, சகோதரி. ஆனால் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். எரித்தால் பிடி சாம்பல், புதைத்தால் மண். நாலு பேர் படிக்கப் பயன்படட்டுமே. ஆராய்ச்சிக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

#3 வடலி

நானும் அதைத்தான் சொல்வேன். குடுத்துவிடுங்கோ அக்கா.

#4 கீரிமலைக்காரி

தெற்குத்தெரு அண்ணா, கோபம் இல்லை. ஆனால் சீதக்காதி கதையில் அவர் சமாதிக்குள்ளிருந்து தானே கையை நீட்டி மோதிரத்தைக் கொடுத்தார். புலவர் தோண்டி எடுத்துக்கொண்டு போய், ஐந்து மாதம் கழித்து "உங்கள் வாப்பாவின் மோதிரம் என்னிடம் இருக்கிறது, என்ன செய்யட்டும்" என்று பிள்ளைகளுக்குக் கடிதம் போடவில்லை. கொடுக்கமாட்டேன் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. கலசத்தை நான் அலசிக்கொண்டிருந்த நேரம் இன்னொரு ஊரில் ஒரு அலமாரியில் அம்மா இருந்திருக்கிறார். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அதுதான்.

#5 மெழுகுக்கட்டி

இருபது வருடமாக இங்கிலாந்தில் இந்த வேலைதான் செய்கிறேன், திசுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். (புனைபெயரைப் பார்த்தாலே தெரியும்.) பயத்தில் பாதி அது என்னவென்று தெரியாததால் வருவது, அதனால் முதலில் அதைச் சொல்கிறேன்.

போஸ்ட்மார்ட்டம் செய்கிற டாக்டர் இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் நகம் அளவுக்கு, மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு வெட்டுவார். அதை ஓட்டை போட்ட சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடுவோம், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் சின்னது. ராத்திரி முழுக்க இயந்திரத்தில் ஓடும், சாராயம் அதிலுள்ள தண்ணீரை எல்லாம் எடுக்கும், பிறகு உருகிய மெழுகு அந்த இடத்தில் போய் உட்காரும். காலையில் ஆறியதும் கட்டியாகிவிடும். அதிலிருந்து மூன்று நான்கு மைக்ரான் கனத்துக்கு ஏடு சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்துவோம். தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு கூட இருக்காது. சாயம் ஏற்றினால் நீலமும் ரோஜா நிறமுமாகத் தெரியும். மீதிக் கட்டி அலமாரிக்குப் போகும். உங்கள் அம்மாவின் 13 கட்டிகளும் சேர்ந்து ஒரு சோப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

உறுப்பு முழுசாக எதுவும் இல்லை என்றால் கடிதத்திலேயே அப்படித்தான் இருக்கும். முழு உறுப்பை வைத்திருந்தால் அதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு விதிவிலக்கு மூளை. புதிதாக எடுத்த மூளை இளநீர் வழுக்கை மாதிரி இருக்கும், கத்தி வைத்தால் குழையும். பார்மலினில் சில வாரம் ஊறினால்தான் வெட்டிப் பார்க்க முடியும். அதனால் மூளையைப் பார்க்க வேண்டிய கேஸ்களில் "மூளை திரும்பி வரும்வரை காத்திருக்கிறீர்களா, உடலை முதலில் வாங்கிக்கொள்கிறீர்களா" என்று குடும்பத்தைக் கேட்பார்கள். இப்போது கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் கேட்டதில்லை.

இன்னொன்று. அம்மாவின் இதயத்தில் என்ன கண்டார்கள் என்று ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். ரத்தக்குழாய் அடைப்பு என்றால் ஒரு கதை, பரம்பரையாக வரும் இதயத்தசை நோய் என்றால் வேறு கதை. இரண்டாவது என்றால் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தக் கட்டி பிறகு தேவைப்படலாம். அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

#6 ஆறுமணிச்சங்கு

எல்லோரும் மென்மையாகப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் முரட்டு ஆள், மன்னிக்கவும்.

1918-இல் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற இன்புளூயன்சா என்ன வைரஸ் என்று எண்பது வருடம் யாருக்கும் சரியாகத் தெரியாது. எப்படித் தெரிந்தது? அந்த வருடம் செத்த அமெரிக்க ராணுவ வீரர்களின் நுரையீரல் துண்டுகள், நம்ம மெழுகுக்கட்டி சொன்னாரே, அதே மாதிரி மெழுகில் பதித்து வாஷிங்டனில் ராணுவ நோயியல் நிலையத்தில் கிடந்தன. ஜெஃப்ரி டாபென்பெர்கர் என்பவரும் அவருடைய குழுவும் அதைத் தோண்டி எடுத்து, வைரஸின் மரபணுத் துணுக்குகளை 1997-இல் வெளியிட்டார்கள். 2005-இல் முழு மரபணு வரிசையும் வந்தது. அந்தச் சிப்பாய்களின் அம்மாக்களிடம் யாரும் படிவம் நீட்டவில்லை. நீட்டியிருந்தால் பாதிப் பேர் "திருப்பிக் கொடு" என்றிருப்பார்கள், இன்றைக்கு நம்மிடம் ஒன்றும் இருந்திருக்காது. செத்த உடம்புக்கு வலிக்காது. உயிரோடு இருக்கிறவனுக்குப் பயன்படும். இதில் சம்மதம் கிம்மதம் என்று இத்தனை காகிதம் எதற்கு?

#7 லிவர்பூல்வாசி

சங்கு ஐயா, நீங்கள் சொன்ன கதையின் மறுபாதியை நான் சொல்கிறேன், ஆனால் முதலில் என் ஊர்க் கதை.

நான் 1998-இல் லிவர்பூலுக்கு வந்தவன், டாக்ஸி ஓட்டினேன். அடுத்த வருடமே ஆல்டர் ஹே குழந்தைகள் ஆஸ்பத்திரி விவகாரம் வெடித்தது. பிரிஸ்டலில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைச் சாவுகளைப் பற்றி ஒரு பொது விசாரணை நடந்துகொண்டிருந்தது. அதில் சாட்சி சொல்ல வந்த ஒரு பேராசிரியர், நாட்டின் பல ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளின் இதயங்களைச் சேகரித்து வைத்திருக்கிறார்கள், ஆல்டர் ஹேயில் இருப்பது பெரியது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன், அந்த இதயங்களை வைத்துத்தானே சர்ஜன்கள் பிறவிக் கோளாறுகளைப் படித்தார்கள். ஆனால் மறுநாளிலிருந்து பெற்றோர்கள் போன் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

தோண்டத் தோண்ட வந்தது. டிக் வான் வெல்சன் என்ற நோயியல் மருத்துவர் 1988 முதல் 1995 வரை அங்கே இருந்தவர், போஸ்ட்மார்ட்டத்துக்கு வந்த குழந்தைகளிடமிருந்து கிட்டத்தட்ட எல்லா உறுப்பையும் எடுத்து வைத்திருந்தார். சுமார் 850 குழந்தைகள், 2000-க்கும் மேற்பட்ட ஜாடிகள். பெரும்பாலானவை பரிசோதிக்கப்படவே இல்லை. சங்கு ஐயா, இதைக் கவனியுங்கள். ஆராய்ச்சியும் இல்லை, பாடமும் இல்லை, சும்மா ஒரு கட்டடத்தில் அடுக்கி வைத்திருந்தது. 2001 ஜனவரி 30-இல், இதை விசாரித்த ரெட்ஃபெர்ன் குழுவின் அறிக்கை வந்தது. 2005-இல் வான் வெல்சனின் பெயரை மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். இன்னொன்றும் வெளியே வந்தது. உயிரோடு இருக்கிற குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் செய்யும்போது எடுத்த தைமஸ் சுரப்பிகளை ஒரு மருந்துக் கம்பெனிக்குக் கொடுத்து நன்கொடை வாங்கியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி செய்ததில் இன்னொரு கொடுமை, விஷயத்தைத் தவணை முறையில் சொன்னது. இதயம் இருக்கிறது என்று ஒரு கடிதம். பெற்றோர் அதை வாங்கிக் கொண்டுபோய் அடக்கம் செய்வார்கள். சில மாதம் கழித்து, மற்ற உறுப்புகளும் இருக்கின்றன என்று இன்னொன்று. ஒரு நாள் ஒரு தம்பதியைக் கல்லறைக்குக் கொண்டுபோய் விட்டேன். நல்ல மழை. அந்த ஆள் மீட்டரைப் பார்த்துக்கொண்டே, "இது எங்களுக்கு மூன்றாவது தரம், ஒரே பையன்" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை, மூன்று தரம் கல்லறைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இறங்கும்போதுதான் அந்த அம்மா மடியில் வைத்திருந்த பெட்டியைப் பார்த்தேன். காசு வாங்கவில்லை. வாங்க முடியவில்லை.

அந்தப் பெற்றோர் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் ஒன்றுதான். கேட்டிருந்தால் கொடுத்திருப்போம்.

இப்போது உங்கள் 1918. டாபென்பெர்கரின் கட்டுரையைப் பார்த்துவிட்டு ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதினார், ஜோஹான் ஹுல்டின். அலாஸ்காவில் பிரெவிக் மிஷன் என்று ஒரு கிராமம், 1918 நவம்பரில் 80 பெரியவர்களில் 72 பேர் சில நாளில் செத்துப்போனார்கள், உறைந்த நிலத்தில் ஒரே குழியில் புதைத்தார்கள். ஹுல்டின் 1951-இல் மாணவனாக அங்கே போய் ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டுத் தோண்டினார், வைரஸ் கிடைக்கவில்லை. 1997-இல், 72 வயதில், சொந்தக் காசில் மறுபடியும் போனார். மனைவியின் தோட்டக் கத்திரியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனார், ஆனால் முதலில் போய் நின்ற இடம் ஊர்ச் சபை. மறுபடியும் கேட்டார். அவர்கள் சரி என்றார்கள், உள்ளூர்ப் பையன்களையும் உதவிக்குக் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் குழியை மூடி, பழைய சிலுவைகள் போய்விட்டன என்று தன் கையாலேயே இரண்டு சிலுவை செய்து நட்டுவிட்டு வந்தார். அந்த நுரையீரல்தான் முழு வரிசையையும் கொடுத்தது. சிப்பாய்களின் கட்டியில் இருந்தது துணுக்குத் துணுக்காகத்தான். கேட்டதனால் விஞ்ஞானம் எங்கே நின்றுபோனது, சொல்லுங்கள்?

#8 ஆறுமணிச்சங்கு

ஹுல்டின் கதை தெரியாது. ஒத்துக்கொள்கிறேன், நல்ல கதை. ஆனால் ஒரு கிராமத்தில் போய்க் கேட்பது வேறு, வருடத்துக்கு ஆயிரக்கணக்கான குடும்பத்தைச் சாவு வீட்டில் போய்க் கேட்பது வேறு. ஆல்டர் ஹேக்குப் பிறகு என்ன ஆனது என்று நீங்கள் சொல்லவில்லையே. பிரிட்டனில் கொரோனர் சொல்லாமல், குடும்பச் சம்மதத்தோடு ஆஸ்பத்திரியில் நடக்கிற போஸ்ட்மார்ட்டம் இன்று நூறு சாவுக்கு ஒன்று கூட இல்லை. டாக்டர்களுக்குக் கேட்கவே பயம். குழந்தைகளின் நோயியலுக்கு ஆள் கிடைப்பதில்லை. ஒரு கிறுக்கன் செய்ததற்கு அடுத்த தலைமுறைக் குழந்தைகள் விலை கொடுக்கிறார்கள்.

#9 மெழுகுக்கட்டி

சங்கு சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. எங்கள் துறையில் அந்த அடி இன்னும் ஆறவில்லை. கடையில் மீன் வாங்கப் போனால்கூட என்ன வேலை என்று சொல்லத் தயங்கிய காலம் இருந்தது என்று என் சீனியர்கள் சொல்வார்கள். ஆனால் போஸ்ட்மார்ட்டம் குறைந்ததற்கு அது ஒன்றே காரணம் இல்லை, ஸ்கேன் வந்த பிறகு உலகம் முழுக்கவே குறைந்துகொண்டுதான் வந்தது. அப்புறம், "ஒரு கிறுக்கன்" என்று முடித்துவிடாதீர்கள். அவர் எல்லை மீறினார், சரி. ஆனால் குடும்பத்துக்குச் சொல்லாமல் எடுத்து வைப்பது நாடு முழுக்க வழக்கமாக இருந்தது. நல்ல டாக்டர்களும் அப்படித்தான் செய்தார்கள். பாவம், ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிறார்கள், இதையும் சொல்லி ஏன் நோகடிக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அந்தக் கருணைதான் வினையாகிப்போனது.

#10 பழைய வக்கீல்

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை, சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன் (முடியாது என்று எனக்கே தெரியும்).

ஆல்டர் ஹே நடந்தபோது அங்கே இருந்தது 1961-ஆம் வருடத்து மனிதத் திசுச் சட்டம். சம்மதம் வாங்கு என்று அது சொல்லவில்லை. இயன்ற அளவு விசாரித்துப் பார், உறவினர் ஆட்சேபிப்பதாக நினைக்கக் காரணம் இல்லை என்றால் எடுத்துக்கொள், அவ்வளவுதான். மீறினால் தண்டனை என்று ஒரு வரி கிடையாது. 2004 சட்டம், 2006 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருப்பது, அதைத் தலைகீழாகத் திருப்பியது. சம்மதம் இல்லாமல் வைத்திருந்தால் மூன்று வருடம் வரை சிறை. அது இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம், 2006.

கொரோனர் போஸ்ட்மார்ட்டம் செய்யச் சொல்வதற்குச் சம்மதம் வேண்டாம். ஆனால் அவர் வேலை முடிந்த நிமிடத்தில் அவருடைய அதிகாரமும் முடிகிறது. அதற்குப் பிறகு ஒரு கண்ணாடித் தகட்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளக்கூடச் சம்மதம் வேண்டும். உங்களுக்கு வந்த கடிதம் அதனால் வந்ததுதான். தாமதமாக வந்தது, விளக்கிய விதம் சரியில்லை, எல்லாம் உண்மை. ஆனால் 1990-இல் அந்தக் கடிதமே வந்திருக்காது.

யார் சம்மதிக்கலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இறந்தவரே உயிரோடு இருக்கும்போது சொன்னது. அது இல்லை என்றால் அவர் நியமித்த ஆள். அதுவும் இல்லை என்றால் கணவன் மனைவி, பிறகு பெற்றோர் பிள்ளைகள், பிறகு சகோதரர்கள் என்று இறங்கி, கடைசியில் நீண்ட கால நண்பர் வரைக்கும் போகும். (நண்பரைப் பட்டியலில் சேர்த்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.) ஒரே படியில் இருவர் இருந்தால் ஒருவர் சம்மதமே சட்டப்படி போதும். அதாவது தங்கச்சி, உங்கள் அண்ணன் ஒருவரே ஆராய்ச்சிக்கு என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லும். அதனால் முதலில் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னும் ஒன்று, எல்லோரும் குழப்பிக்கொள்வது. இங்கிலாந்தில் 2020 மே மாதத்திலிருந்து, மறுக்காதவர் எல்லோரும் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தவர் என்று எடுத்துக்கொள்ளும் சட்டம் இருக்கிறது. அது மாற்று அறுவை சிகிச்சைக்கு மட்டும்தான், ஆராய்ச்சிக்கு இல்லை. உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதற்கு அங்கே இறந்தவர் தானே, சாட்சி வைத்து, எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பிள்ளைகள் பிறகு கொடுக்க முடியாது.

நம் ஊர், அதாவது இந்தியா, நிலைமையை யாராவது கேட்பீர்கள். போலீஸ் கேஸ் போஸ்ட்மார்ட்டத்துக்கு, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194, இங்கேயும் குடும்பச் சம்மதம் வேண்டாம். அதில் எடுத்ததை என்ன செய்தோம் என்று குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்கிற பழக்கம்தான் இல்லை.

#11 தெற்குத்தெரு

வக்கீல் ஐயா கடைசியில் சொன்னது என்னைக் கிள்ளிவிட்டது. எழுதலாமா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன்.

ஆறு வருடம் முன்னால் என் மச்சான் இறந்துபோனான். கிணற்றடியில் விழுந்து கிடந்தான், விஷமா பாம்பா என்று தெரியவில்லை. ஒரு அரசு ஆஸ்பத்திரி சவக்கிடங்கு வாசலில் வேப்பமரத்தடியில் காலையிலிருந்து நாலு மணி வரை நின்றோம். பிறகு வெள்ளைத் துணியில் சுற்றி, பாய் சுற்றிக் கொடுத்தார்கள். உள்ளே உதவிக்கு இருந்த ஆள் ஒருத்தர், அவருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது, வெளியே நாலு பாட்டில்களுக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தார். வாயகன்ற பாட்டில், ஊறுகாய் பாட்டில் மாதிரி. மெழுகுவர்த்தியில் அரக்கைக் காட்டி மூடியைச் சுற்றி ஒழுகவிட்டு முத்திரை குத்தினார். நான் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். அது எங்கள் மச்சான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சான்றிதழில் "உள்ளுறுப்புகள் ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன, அறிக்கை வந்த பின் முடிவு" என்று ஒரு வரி. அதைப் படிக்கவே எட்டு மாசம் ஆனது, இன்சூரன்ஸ்காரர் கேட்டபோதுதான்.

வயிறு, குடலில் கொஞ்சம், ஈரலில் ஒரு பகுதி, இரண்டு சிறுநீரகத்திலும் பாதிப்பாதி எடுப்பார்களாம், உப்புக் கரைசலில் போடுவார்களாம். விஷம் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் எடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. பிறகு அந்த பாட்டில்கள் என்ன ஆயின? தெரியாது. எங்கள் அக்காவுக்கு இன்றைக்கு வரைக்கும் இந்த விஷயமே தெரியாது. சீதக்காதி என்று சொல்லி முடித்துவிட்டேனே சகோதரி, நான்தான் யோசிக்காமல் பேசியிருக்கிறேன்.

#12 வடலி

அண்ணை 🙏

#13 ஆறுமணிச்சங்கு

தெற்குத்தெரு, வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி, சண்டைக்காக இல்லை. உங்கள் அக்காவுக்கு அன்றைக்கே சொல்லியிருந்தால் அவருக்கு நல்லதா? தெரியாமல் இருப்பதால்தானே நிம்மதியாக இருக்கிறார்?

#14 தெற்குத்தெரு

தெரியவில்லை சங்கு. அதைத்தான் நானும் ராத்திரி யோசித்தேன்.

#15 நெறியாளர்

இந்த இழையில் ஆல்டர் ஹே புகைப்படங்களின் சுட்டிகளைப் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். தொடருங்கள்.

#16 நடுவில் நிற்பவள்

நான் மொழிபெயர்ப்பாளர். பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளிலும் கோர்ட்டுகளிலும் தமிழுக்கு வேலை செய்கிறேன். சங்கு கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை, ஆனால் ஒரு சம்பவம் இருக்கிறது.

ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு தாய், வயிற்றிலேயே குழந்தை இறந்துவிட்டது. ஏன் என்று பார்க்கப் போஸ்ட்மோர்ட்டத்துக்குச் சம்மதம் கேட்கிறார்கள். படிவம் பல பக்கம். நர்ஸ் நல்லவள், அவசரப்படாமல் ஒவ்வொரு வரியாகச் சொல்கிறாள், நான் திருப்பிச் சொல்கிறேன். "திசு மாதிரிகளை வைத்துக்கொள்ளச் சம்மதமா" என்று வந்தது. நான் "திசு" என்றேன். அந்தப் பிள்ளை தலையாட்டினாள். ஏதோ சரியில்லை என்று பட்டது. விளங்கினதா என்று கேட்டேன். "துடைக்கிற டிஷ்யூதானே அக்கா" என்றாள். குழந்தையைத் துடைத்த கடதாசியை வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

நான் பேனாவை வைத்துவிட்டு, "சின்னச் சின்னச் சதைத்துண்டு, குழந்தையின் உடம்பிலிருந்து" என்றேன். அவள் அழத் தொடங்கினாள். நர்ஸ் என்னைப் பார்த்தாள், நீ என்ன சொன்னாய் என்று. நான் சொன்னதை இங்கிலீஷில் திருப்பிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பிள்ளையே, எவ்வளவு பெரிய துண்டு, அதை வைத்து என்ன பார்ப்பார்கள், அடுத்த குழந்தைக்கு உதவுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அரை மணி நேரம் கேட்டாள். கேட்டுவிட்டு ஓம் என்றாள். முதல் தலையாட்டலிலேயே நர்ஸ் படிவத்தில் அடையாளம் போட்டிருந்தாள், இரண்டாவதுக்குப் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான்.

ஆல்டர் ஹே பெற்றோரில் சிலரும் கையெழுத்துப் போட்டவர்கள்தான். திசு என்று எழுதியிருந்தது, முழு இதயத்தையும் அந்தச் சொல்லுக்குள் அடக்குவார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு இங்கிலீஷ் தாய்மொழி. நம் ஆட்களை யோசித்துப் பாருங்கள். அதுவும் போனில், சாவு நடந்த மூன்றாம் நாள். அக்கா, உங்கள் அண்ணா சொன்ன ஓம் அந்த முதல் தலையாட்டல்தான். அவரைக் கோபிக்காதீர்கள்.

#17 பழைய வக்கீல்

தங்கச்சி, ஒரு கேள்வியை இத்தனை பேரும் கேட்காமல் விட்டுவிட்டோம், நானும்தான். வரிசையில் முதல் ஆள் யார் என்று எழுதினேனே. அம்மா இதைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொன்னதுண்டா?

#18 லிவர்பூல்வாசி

நல்ல கேள்வி.

#19 கீரிமலைக்காரி

ஒரு வாரமாக இங்கே வரவில்லை, மன்னிக்கவும். எல்லோருடைய பதிவையும் அண்ணாவுக்கு வாசித்துக் காட்டினேன். மொழிபெயர்ப்பாளர் அக்கா எழுதியதைக் கேட்டுவிட்டு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார், தேத்தண்ணி போடுகிற சத்தம் கேட்டது, ஆனால் தேத்தண்ணி வரவில்லை.

மெழுகுக்கட்டி சொன்னபடி ரிப்போர்ட்டை வாங்கினேன். கொரோனர் அலுவலகத்தில் போன் எடுத்த பெண் பொறுமையாகப் பதில் சொன்னாள், அதையும் எழுத வேண்டும். ரத்தக்குழாய் அடைப்பு. பரம்பரைத் தசை நோய் எதுவும் இல்லை. 13 கட்டியில் ஆறு இதயம். மிச்சம் நுரையீரல், ஈரல், சிறுநீரகம். மூளை எடுக்கவில்லை.

பிறகு வக்கீல் ஐயாவின் கேள்வி. சொன்னதுண்டா என்று மாமியைக் கேட்டேன். மாமி யோசிக்காமலே சொன்னார். எங்கள் தாத்தா கொழும்பில் வேலை செய்தவர், ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தானச் சங்கத்தில் பெயர் கொடுத்து வைத்தவர், இறந்ததும் ஆட்கள் வந்து கண்ணை எடுத்தார்கள். அம்மாவுக்கு அப்போது இருபது வயது இருக்கும், பக்கத்தில் நின்றிருக்கிறார். அதைப் பற்றி எப்போது பேச்சு வந்தாலும் அம்மா சொல்வாராம், "என்ரை கண்ணையும் எடுக்கட்டும், எனக்குப் பிரச்சினை இல்லை. நெஞ்சை மட்டும் தொடவேண்டாம், அதுக்குள்ளை கனக்க இருக்கு." மாமி சொல்லும்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது, நானே கேட்டிருக்கிறேன், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு சொல்வார். நாங்கள் சிரிப்போம்.

கண்ணைக் கொடுக்க முடியாமல் போய்விட்டது, அன்றைக்கு யாருக்கும் நினைவு வரவில்லை. நெஞ்சை எடுத்துவிட்டார்கள், அது கொரோனரின் சட்டம், தடுத்திருக்க முடியாது. திருப்பி வாங்கலாம் அல்லவா. அண்ணாவும் நானும் சேர்ந்து முதல் கட்டத்துக்கு அடையாளம் போட்டு அனுப்பிவிட்டோம்.

சங்கு அண்ணா, ஒன்று உங்களுக்கு. படிவத்தில் ஆராய்ச்சி என்று ஒரு சொல்தான் இருந்தது. என்ன ஆராய்ச்சி, யார் செய்வது, எத்தனை வருடம், ஒன்றும் இல்லை. "எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்த வயதில் இதயம் ஏன் இப்படி நிற்கிறது என்று பார்க்கிறோம்" என்று யாராவது வந்து உட்கார்ந்து கேட்டிருந்தால் நான் அம்மாவோடு மனதுக்குள் வாதாடியிருப்பேன். வென்றிருக்கவும் கூடும்.

மாமிக்கு இன்னொரு அந்தியேட்டி வேண்டுமாம். ஐயர் தேவையில்லை என்கிறார். அது வேறு இழை.

#20 ஆறுமணிச்சங்கு

படித்தேன் தங்கச்சி. என் கருத்து பெரிதாக மாறவில்லை. ஆனால் இன்று சாயங்காலம் என் மனைவியிடம், நான் போனால் என்னென்ன எடுக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "முதலில் கரண்ட் பில் கட்டுங்கள்" என்றாள்.

#21 வடலி

அக்கா ஒரு சந்தேகம். எப்படித் தருவார்கள், நேரில் போகவேண்டுமா? கண்ணாடித் தகடும் சேர்த்தா?

#22 மெழுகுக்கட்டி

வழக்கமாக இறுதிச் சடங்கு செய்த நிறுவனம் மூலமாக வரும், குடும்பம் நேரில் போயும் வாங்கலாம், கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் சேர்த்துக் கேட்டால் இரண்டும் தருவார்கள். தகனம் செய்வதானால் கண்ணாடியை எடுப்பார்களா என்று அங்கே முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் எடுப்பதில்லை. கட்டிகளை வெயில் படுகிற இடத்தில், காரில் எல்லாம் வைக்காதீர்கள், மெழுகு. ஊருக்குக் கொண்டுபோவதானால் தகடுகளை துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். மெல்லியது, உடையும்.